பாட்டியின் வெள்ளி அரசிலை: 925 இல்லை என்றால் மட்டமா?

காவிரிக்கரைக்காரி கேட்கிறார்:

என் பாட்டி 1936இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது அவர் இடுப்பில் கட்டிய வெள்ளி அரசிலை, இரண்டு தலைமுறை இடுப்பைக் கடந்து, போன வருடம் என் கைக்கு வந்தது. கட்டைவிரல் நீளம், 11.2 கிராம். நடுநரம்பு மேடாக ஓடுகிறது. பக்க நரம்புகள் ஓரத்தைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னதாகவே வளைந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் மரத்திலிருந்து ஓர் இலை பறித்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதிலும் அப்படியே! வால் மட்டும் காற்றடித்ததுபோல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

கயிறு கோக்கும் காது தேய்ந்துபோனதால், சரிசெய்து மகள் கழுத்தில் போடலாம் என்று ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, “டச் 91.5தான், 925 இல்லை, மட்ட வெள்ளி. போட்டுவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். (டச் என்றால் நூறில் எத்தனை பங்கு வெள்ளி என்பது; 925 என்றால் 92.5 பங்கு.) ஒரு தட்டு நிறைய இலைகளைக் காட்டினார்கள். எல்லாம் ஒரே இலை. எனக்கு மனம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

உண்மையிலேயே இது மட்டமா? இப்படி அடித்துச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

பட்டறைப்பிள்ளை:

அக்கா, நல்லவேளை கொடுக்காமல் வந்தீர்கள். நான் நகை அடிக்கும் பத்தர் வீட்டில் பிறந்தவன், கணக்கு வேலைக்குப் போய்விட்டவன். உங்கள் இரண்டு எண்களையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “ஒரு ரூபாயை உருக்கியிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அந்தக் கால வெள்ளி ரூபாய் 11.66 கிராம். அதில் வெள்ளி பன்னிரண்டில் பதினோரு பங்கு, அதாவது 91.67 சதவீதம். உருக்கிலும் அரத்திலும் போனது போக உங்கள் 11.2 சரியாக நிற்கிறது. வீட்டில் இருக்கும் ரூபாயைக் கொடுத்து நகை செய்யச் சொல்வது அன்றைக்குச் சாதாரணம். கடைக்காரர் சொன்ன எண் சரி, தீர்ப்புதான் தப்பு.

அடிக்கும் விதத்தைச் சொல்கிறேன், சின்ன வயதில் ஊதுகுழல் பிடித்துப் பார்த்தது. நாணயத்தை மூசை என்னும் உருக்குக் கிண்ணத்தில் வெங்காரம் போட்டு உருக்கி, சின்னக் கட்டியாக ஊற்றுவார்கள். பிறகு பட்டறைக்கல்லில் சுத்தியல். நாலு சுற்று அடித்தால் வெள்ளி விறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் அடித்தால் ஓரம் வெடிக்கும். அப்போது குமுட்டியில் மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டு, மறுபடி அடி. அந்தச் சிவப்பு வெயிலில் தெரியாது. அப்பா பட்டறை ஜன்னலில் எப்போதும் சாக்கு தொங்கியதற்குக் காரணம் அதுதான். நாங்கள் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தோம். கடைசியில் அரக்கில் பதித்து, மழுங்கிய உளியால் நரம்பு எடுப்பார்கள். காய்ச்சலில் கறுத்ததைப் புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டால் வெளுத்துவிடும்.

இலையின் நடுவையும் ஓரத்தையும் விரலுக்கிடையில் வைத்துப் பாருங்கள். நடு தடித்து, ஓரம் மெலிந்திருந்தால் சுத்தியல் வேலை. தகட்டை அச்சில் வெட்டினால் எங்கும் ஒரே கனம் இருக்கும். வாலும் பிறகு ஒட்டியதாக இருக்காது, உடம்பிலிருந்தே இழுத்திருப்பார்கள். அது சாய்ந்திருப்பது பிழையா வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டேன். “மரத்தில் எந்த இலைக்கு வால் நேராக இருக்கிறது?” என்றார்.

காதுக்குப் பொடி (பற்றவைக்கும் உலோகத்தூள்) வைத்து ஊத வேண்டாம். (பேச்சில் பொடி வைப்பதும் இந்தப் பொடிதான்.) இலை முழுதும் சூடேறினால், அடித்து ஏற்றிய விறைப்பு போய் வளைய ஆரம்பிக்கும். மெல்லிய வெள்ளிக் கம்பியைக் காதில் நெருக்கிச் சுற்றச் சொல்லுங்கள், போதும்.

மெழுகுக்கரு:

பட்டறைப்பிள்ளை சொல்வதில் குறையில்லை. ஆனால் சுத்தியலால் அடிக்காமல் வார்த்ததெல்லாம் மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவாமிமலையில் தெய்வத் திருமேனிகள் மெழுகில் செய்து, வண்டல் மண் பூசி, வார்த்தவைதானே? நகையும் முகமும் உளி பட்ட பிறகுதான் உயிர் பெறுகின்றன. நீங்கள் தட்டில் பார்த்த இலைகளில் உளி படவே இல்லை, அதுதான் குறை.

பட்டறைப்பிள்ளை:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அப்பாவிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

காவிரிக்கரைக்காரி:

தொட்டுப் பார்த்தேன். நடுவில் தடிப்பு, ஓரத்தில் நகக்கனம். பின்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் சுத்தியல் முகம் பட்ட சின்னச் சின்ன வட்டங்கள் மீன்செதில்போல் தெரிகின்றன. இத்தனை நாள் அதைத் தேய்மானம் என்று நினைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பாட்டியின் தகரப்பெட்டியில் இன்னும் இரண்டு ரூபாய் கிடக்கிறதாம், ஒன்றில் 1919, மற்றொன்றில் 1944. தங்கை மகளுக்கும் ஓர் அரசிலை அடிக்க முடியுமா? உங்கள் அப்பா செய்வாரா?

பட்டறைப்பிள்ளை:

1944ஐ அப்படியே பெட்டியில் போட்டுவிடுங்கள். 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1919ஐக் கொண்டுவாருங்கள். அப்பாவுக்கு 78 வயது, ஊதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கூடவே ஓர் அரசிலையும் அன்றைக்கே பறித்ததாக வேண்டும். வாடியதைத் தொடவே மாட்டார்.