அதிகாரத்தைப் பிரிச்சு வைச்சா சனத்துக்கு என்ன பயன்?

பருத்தித்துறைப் பெடியன்: இலங்கையில அதிகாரத்தை ஜனாதிபதி, பாராளுமன்றம், நீதிமன்றம் எண்டு மூண்டாப் பிரிச்சதால எங்களுக்கு உண்மையில ஏதும் பாதுகாப்பு இருக்கோ?

வெள்ளவத்தை அக்கா: தம்பி, 2018ஐப் பாரும். ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை காட்டேலாது எண்டதும் நவம்பர் 9 பாராளுமன்றத்தையே கலைச்சார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா உட்படப் பலர் வழக்குப் போட்டினம். 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் கலைப்புக்கு இடைக்காலத் தடை போட்டது. பிறகு சபைக்குள்ள பாக்கவேணுமே! மிளகாய்த்தூள் வீச்சு, சபாநாயகரின்ர கதிரையில ஒரு எம்பி ஏறி இருந்த கூத்து. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் காவலோட வந்து மகிந்தவுக்கு எதிரான வாக்கெடுப்பை நடத்தினார். டிசம்பர் 13, ஏழு நீதிபதிகளும் ஒருமனதாத் தீர்ப்புச் சொல்லிச்சினம்: பாராளுமன்றம் கூடி நாலரை வருசம் முடியமுன்னம், சபையில மூன்றில் இரண்டு பங்கு கேளாமல் ஜனாதிபதி அதைக் கலைக்கேலாது. அரசியலமைப்பின்ர 19ஆம் திருத்தத்தில எழுதிக்கிடந்த வரிதான் அது.

கொக்குவிலான்: அதெல்லாம் பெரியாக்களின்ர கதிரைச் சண்டை அக்கா. 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தில அமைச்சர் மூண்டு மூண்டு மாதமாக் கையெழுத்துப் போட்டாலே, 2022இல திருத்தும்வரை, 18 மாதம் வரைக்கும் உள்ள வைக்கலாமெண்டு இருந்தது. அப்ப நீதிமன்றம் எங்க போச்சு?

வெள்ளவத்தை அக்கா: ஞாயமான கேள்வி. அங்க நீதவானின்ர கையைக் கட்டினதே பாராளுமன்றம்தான். 2020இல 20ஆம் திருத்தத்தால நாலரையை இரண்டரையாக்கினதும் பாராளுமன்றம்தான்.