டர்போ பைப் கிழிந்தால் வீட்டிலேயே மாற்றலாமா?

பள்ளத்தூரான்:
புதுக்கோட்டையிலிருந்து வரும்போது திருமயம் தாண்டியதும் வண்டி இழுவையை விட்டுவிட்டது. மிதித்தால் பானட்டுக்குள் புஸ்ஸென்று காற்றுச் சத்தம், பின்னால் கரும்புகை. ஸ்கேன் போட்டால் பி0299 என்று எரர் கோடு, பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) பத்தவில்லையாம். டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் பைப் வளைவின் அடிப்பக்கத்தில் விரல் நுழையுமளவு கிழிந்திருக்கிறது. புது பைப் காரைக்குடியில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டலாமா? அதுவரை டேப் சுற்றி ஓட்டலாமா?

டீசல்பித்தன்:
வேண்டாம் தம்பி. மாட்டுவது யாராலும் முடியும், ஏன் கிழிந்தது என்று யார் பார்ப்பது? டர்போ சீல் போய் உள்ளே ஆயில் தேங்கினால் ரப்பர் ஊறி உப்பிவிடும், புதுசு போட்டாலும் அதே கதிதான். வொர்க்‌ஷாப்பில் விட்டால் டர்போ ஷாஃப்ட் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கோட்டையூர் ஸ்பானர்:
எங்கே அண்ணே பார்க்கிறார்கள்? எங்கள் பெரியப்பா வண்டியில் இதே கோளாறுக்கு, பைப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் டர்போவையே மாற்றணும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு டர்போ டீசலில் சகஜம், கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) ஆவி அந்த வழியாகத்தான் திரும்பப் போகிறது. கழற்றியதும் பைப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆயில் ஒழுகினால் அண்ணன் சொல்வதுபோல் வொர்க்‌ஷாப், இல்லையென்றால் வீடே போதும்.

டேப் வேண்டாம். உள்ளே ஒரு பாருக்கு மேல் அழுத்தம், போதாததற்கு எண்ணெய், பசை நிற்காது. சென்சார் அளந்த காற்று பாதி வழியில் வெளியே போய்விடுகிறது, எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவோ முழுக் காற்றுக்கும் டீசல் விடுகிறது. அதுதான் அந்தப் புகை. பூஸ்ட்டை எட்டிப் பிடிக்க டர்போவும் அளவுக்கு மீறிச் சுற்றும்.

டீசல்பித்தன்:
டேப் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல வண்டிகளில் கீழ் கிளாம்ப் எட்ட அடிமூடியைக் கழற்றணும். பள்ளத்தூர்ச் செம்மண்ணில் ஜாக்கியை வைத்து அடியில் படுக்கச் சொல்கிறீரா? அப்புறம் இன்டர்கூலர் வாய் பெரும்பாலும் பிளாஸ்டிக், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விரிசல் விடும். பைப் செலவு போய் இன்டர்கூலர் செலவாகும்.

கோட்டையூர் ஸ்பானர்:
நெம்பச் சொன்னது யார்? எஞ்சின் நன்றாக ஆறட்டும், கிளாம்ப்பைத் தளர்த்தி, கையால் இடமும் வலமும் திருகினால் ஒட்டிக்கொண்ட ரப்பர் விட்டுக்கொடுக்கும். ஜாக்கியை சிமெண்டுத் தரையில் வைத்து, ஸ்டாண்டு கொடுத்த பிறகு உள்ளே போங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அண்ணன் பேச்சைக் கேளுங்கள்.

திறந்த வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், எஞ்சின் பக்கம் ஒரு நட்டு விழுந்தாலும் தொலைந்தது. மாட்டும்போது துணியை எடுக்கணும், சிரிக்காதீர்கள், மறந்தவர்கள் உண்டு. இரண்டு முனையையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, பைப்பை முட்டும்வரை தள்ளுங்கள். கிளாம்ப் வாயின் விளிம்பு மேட்டுக்கு உள்பக்கம் உட்காரணும், மேட்டின் மேலேயே இறுக்கினால் பூஸ்ட் ஏறியதும் பைப் கழன்று பறக்கும்.

பள்ளத்தூரான்:
கடையில் நீல சிலிக்கான் பைப்பும் காட்டினார்கள். ரொம்ப நாள் வருமாம்.

டீசல்பித்தன்:
சாதா சிலிக்கானில் எண்ணெய் கசியும் தம்பி, உள்ளே ஃப்ளூரோ பூச்சு இருந்தால்தான் தாங்கும். கம்பெனி ரப்பரையே போடுங்கள். எரர் கோடை அழித்து ஓட்டியும் பி0299 திரும்ப வந்தால், நேரே வொர்க்‌ஷாப்.

கோட்டையூர் ஸ்பானர்:
அதற்கு முன்னால் டர்போவின் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன வேக்குவம் டியூபையும் ஒருதரம் தடவிப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தாலும் இதே எரர் கோடுதான் வரும்.