கழுத்து இரத்தக்குழாய் ஸ்கான் அப்பாவுக்குத் தேவையா?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். கொக்குவிலில் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் உண்டு. போன மாசியில் சித்தப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையால் இன்னும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரையே இல்லை.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாயை டொப்ளர் ஸ்கானில் பார்த்தால், கொழுப்புப் படிவு பெரிய அடைப்பாக மாறுமுன்பே தெரியுமாம். கழுத்தில் ஜெல் பூசித்தான் பார்ப்பார்கள். ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. ஆனால் அறிகுறி இல்லாத எல்லோருக்கும் இது வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021இலும் சொல்லியிருக்கிறது. இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டி, தேவையில்லாத சத்திரசிகிச்சை வரைக்கும் போய்விடலாம் என்பது ஒரு காரணம்.

சரி, சீனி, பிரஷர், கூடப்பிறந்தவருக்குப் பாரிசவாதம் எல்லாம் சேர்ந்த ஒருவருக்கு? கிளினிக்கில் கேட்டேன். "குளிசையை ஒழுங்காப் போடச் சொல்லுங்கோ" என்றுவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரியில் எவ்வளவு நாள் காத்திருந்தீர்கள்? தனியாரில் எவ்வளவு முடிந்தது? முக்கியமாக, படிவு தெரிந்த பிறகு மருந்தில் ஏதும் மாற்றினார்களா? மாற்றமாட்டார்கள் என்றால் அப்பாவை வீணாக அலைக்க மனமில்லை.