துபாய் ஃபிளாட்: ஏஜென்ட்டை எவ்வளவு நம்பலாம்?

கோவைக்காரன்:
ஜுமைரா வில்லேஜ் சர்க்கிளில் இன்னும் கட்டி முடிக்காத ஃபிளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், பார்த்தது என்றால் வாட்ஸ்அப் வீடியோவில்தான். ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர், தேனாகப் பேசுகிறார், ஆனால் டோக்கன் பணத்தை இன்றைக்கே தன் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். நம்பலாமா?

மணல்காற்று:
அவர் கணக்குக்கு ஒரு திர்ஹம்கூடப் போடாதீர்கள். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கான பணம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்கில்தான் (கட்டுமானச் செலவுக்கு மட்டும் பணம் எடுக்க முடிகிற தனி வங்கிக் கணக்கு) போக வேண்டும், 2007-லேயே அதற்குச் சட்டம் வந்தாயிற்று. அப்புறம் அவருடைய தரகர் பதிவு எண்ணைக் கேளுங்கள். நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் சரிபார்த்துவிடலாம்.

டீக்கடை பெஞ்ச்:
ஊர்க்காரர் என்பதெல்லாம் ஒரு தகுதியா அண்ணா? என் ஏஜென்ட்டும் ஊர்க்காரர்தான், 4 சதவீதப் பதிவுக் கட்டணம் இருப்பதையே கடைசி வாரத்தில்தான் வாயைத் திறந்து சொன்னார். இன்னொன்று, புதுத் திட்டங்களில் கமிஷன் தருவது பெரும்பாலும் கட்டுமான நிறுவனம், அதனால் அவர் யார் பக்கம் பேசுவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பழைய வீடு என்றால் வழக்கமாக 2 சதவீதம் நம் தலையில்.

கோவைக்காரன்:
பதிவு எண் கேட்டேன். "நாளைக்கு அனுப்புகிறேன் சார்" என்றார், மூன்று நாளாயிற்று.

மணல்காற்று:
சரி, வேறு ஆளைப் பாருங்கள். பணத்தையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்தான் உச்சவரம்பு.