பன்னீர் திராட்சையில் மருந்து எச்சம்: சாகுபடி முறையால் எவ்வளவு மாறும்?

கேள்வி:
வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையை என் பிள்ளைகள் விரும்பி உண்கிறார்கள். இயற்கை முறையில் விளைந்தது என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் பழத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் அறவே இருக்காதா? அல்லது எப்படி விளைந்த பழமானாலும் நன்றாகக் கழுவினாலே போதுமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
அறவே இருக்காது என்று சொல்ல முடியாது; ஆனால் வேறுபாடு பெரியது. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, வழக்கமான சாகுபடியில் விளைந்த காய்கனி மாதிரிகளில் 73 விழுக்காட்டிலும், தேவைப்படும்போது மட்டும் மருந்து தெளிக்கும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையில் விளைந்தவற்றில் 47 விழுக்காட்டிலும், இயற்கை வேளாண்மையில் விளைந்தவற்றில் 23 விழுக்காட்டிலும் எச்சம் இருந்தது. எப்போதோ தடைசெய்யப்பட்டும் மண்ணில் இன்னும் தங்கியிருக்கும் டிடிடி போன்ற பழைய பூச்சிக்கொல்லிகளைக் கழித்தால், அந்த 23 என்பது 13 ஆகக் குறைந்தது. எச்சம் தென்படுவது வேறு, அது அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டுவது வேறு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

பதில் 2:
திராட்சை பயிரிடுபவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பதால், என் கொடியில் பழம் கனியும் வேளையில் பக்கத்துத் தோட்டம் கவாத்து முடிந்து தளிர்விட்டு, மருந்து தெளிப்பில் இருக்கலாம். காற்றில் வரும் அந்தச் சாரலை வேலி தடுக்காது. இயற்கை முறை என்றால் எதையுமே தெளிக்காத முறை என்றும் எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் அடிச்சாம்பல் என்னும் பூஞ்சை நோய் வந்தால், மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை இயற்கை விவசாயிகளும் தெளிப்பதுண்டு. ரசாயனம் பயன்படுத்தும் தோட்டத்தில், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய காத்திருப்புக் காலத்தை மதித்தார்களா என்பதே முதன்மையான கேள்வி. விலை ஏறும் வாரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் கொத்தை வெட்டுவது, உண்பவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

பதில் 3:
கழுவுவது அவசியம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தோலின் மேல் படியும் தொடு மருந்து ஓரளவு நீங்கும். செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்து நீங்காது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஆப்பிளை வைத்துச் செய்த சோதனையில், வெறும் நீரைவிடச் சமையல் சோடா கரைத்த நீர் மேற்பரப்பு எச்சத்தை நன்றாக அகற்றியது. ஆயினும் தோலுக்குள் இறங்கியதை அதனால் எடுக்க முடியவில்லை. திராட்சையைத் தோலோடு உண்பதால், கொத்திலிருந்து உதிர்த்துச் சிறிது நேரம் ஊறவைத்து, ஓடும் நீரில் அலசுங்கள். கூடுதல் விலை கொடுப்பதாயின், இயற்கை முறையில் விளைந்ததற்கான சான்றிதழைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.