எக்ஸ்ஓ-1 மடிக்கணினியில் தாவும் சுட்டி: மகளுக்குக் கொடுக்கலாமா?

2007-இல் பெருமளவு உற்பத்திக்கு வந்த, வளரும் நாடுகளின் பள்ளிக் குழந்தைகளுக்கென உருவான எக்ஸ்ஓ-1 மடிக்கணினி ஒன்று, நெடுநாள் அலமாரியில் கிடந்தபின், மூன்று வாரங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. எட்டு வயது மகள் எழுதவும் வரையவும் அதைக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

433 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், 1 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பு, குழந்தைகளுக்கென வடிவமைத்த ‘சுகர்’ என்னும் திரை இடைமுகம். வேகம் குறைவுதான், அது எனக்குப் பொருட்டில்லை. வெயிலில் பின்னொளியை அணைத்தாலும் எழுத்துகள் கறுப்பு வெள்ளையில் தெளிவாகத் தெரிகின்றன. பச்சை ரப்பர் விசைப்பலகையில் தூசி புக இடமில்லை. முயல் காதுகள் போன்ற இரு ஆன்டெனாக்களை மடக்கினால் யூஎஸ்பி துளைகளும் மூடிக்கொள்கின்றன. குழந்தையின் கையை மனத்தில் வைத்துச் செய்த பொருள் என்பது தொட்டதுமே புரிகிறது.

சிக்கல் தொடுபலகையில் இருக்கிறது. பத்து நிமிடம் பயன்படுத்தியதும் சுட்டி தானாகத் திரையின் மூலைக்குத் தாவுகிறது. விரலில் வியர்வை இருந்தால் உடனே தாவுகிறது. உலர்ந்த துணியால் துடைத்தேன். விசைப்பலகையின் நான்கு மூலை விசைகளையும் ஒருசேர அழுத்தித் தொடுபலகையை மறுசீரமைத்தேன், சற்று நேரமே பலன் இருந்தது. இயங்குதளத்தையும் மீண்டும் நிறுவிப் பார்த்துவிட்டேன். யூஎஸ்பி மவுஸை இணைத்தால் மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை.

இந்தத் தாவலை நிலையாகச் சரிசெய்தவர்கள் யாரேனும் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்ல முடியுமா?