பதவியில் இருப்பவரே தேர்தல் திகதியைக் குறிக்கலாமா?

ஆலமரத்தடி:
இலங்கையின் 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தல் பற்றிக் கதை வந்தால் எல்லோரும் வாக்கு வித்தியாசத்திலேயே நின்றுவிடுகிறோம். மகிந்த ராஜபக்ச 6,015,934 (57.88 வீதம்), சரத் பொன்சேகா 4,173,185 (40.15 வீதம்). சரி. ஆனால் அந்தத் தேர்தல் ஏன் அன்றைக்கு நடந்தது?

மகிந்தவின் முதல் பதவிக்காலம் 2005 நவம்பர் 19இல் தொடங்கியது. அப்போது பதவிக்காலம் ஆறு வருடம், ஆகவே 2011 நவம்பர் வரை இருந்திருக்கலாம். போர் 2009 மே மாதம் முடிந்தது. நவம்பர் 19இல் நான்கு வருடம் பூர்த்தி. நவம்பர் 23இல் தேர்தல் பிரகடனம். சட்டம் கதவைத் திறந்து நான்கே நாள்!

அந்தக் கதவை வைத்தவர் 1982இல் ஜனாதிபதியாக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன. 1982 ஆகஸ்டில் அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தம் வந்தது: முதல் பதவிக்காலத்தில் நான்கு வருடம் முடிந்த ஜனாதிபதி, தான் விரும்பிய நேரத்தில் மீண்டும் மக்களிடம் போகலாம். அதே வருடம் ஒக்டோபர் 20இல் அவரே அதைப் பயன்படுத்தி 52.91 வீதத்தில் வென்றார். 1999இல் சந்திரிகா, 51.12 வீதம். 2010இல் மகிந்த. மூன்று முறையும் பதவியில் இருந்தவருக்கே வெற்றி. ஓட்டக்காரரே துவக்கத் துப்பாக்கியையும் வைத்திருக்கும் போட்டி இது. இந்த ஏற்பாட்டை முழுதாக நீக்க வேண்டும் என்பது என் வாதம்.

எண்கணிதம்:
நாலாவது முறையை விட்டுவிட்டீர்களே. 2014 நவம்பர் 20இல் அதே மகிந்த பிரகடனம் செய்தார், 2015 ஜனவரி 8இல் தோற்றார். 47.58 வீதம். மைத்திரிபால சிறிசேனவுக்கு 51.28. வித்தியாசம் சுமார் 4.49 இலட்சம். துப்பாக்கி அவர் கையில்தான் இருந்தது, சோதிடரும் பக்கத்தில் இருந்தார். 2016 நவம்பர் வரை இருந்த பதவியில் ஒரு வருடமும் பத்து மாதமும் போயிற்று.

2010க்கு வருகிறேன். வித்தியாசம் 1,842,749. வடக்கில் வாக்களிப்புக் குறைந்ததால் வென்றார் என்று அடிக்கடி சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்தில் பதிவு 721,359, வன்னியில் 266,975. கூட்டினால் 9.88 இலட்சம். வாக்களித்தவர்கள் யாழில் 25.66 வீதம், வன்னியில் 40.33 வீதம், ஆக ஏறக்குறைய 2.93 இலட்சம். மிச்சம் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. அந்த ஏழு இலட்சமும் ஒன்று விடாமல் பொன்சேகாவின் அன்னம் சின்னத்துக்கே விழுந்திருந்தாலும் பதினொரு இலட்சத்துக்கு மேல் இடிக்கிறது. தெற்கில் போர் வெற்றிக்குக் கிடைத்த வாக்கு அது. ஆறு மாதம் தள்ளி வைத்திருந்தாலும் முடிவு மாறியிராது.

கரைச்சி:
எண்கணிதம் அண்ணை, கூட்டல் கழித்தல் சரி. ஆனால் நீங்கள் அடியில வைச்ச எண்ணே பிழை. அந்த 721,359 உயிரோட ஊரில இருந்த ஆக்களின்ர எண்ணிக்கை இல்லை.

2010 தேர்தலுக்குப் பாவிச்சது 2008ஆம் ஆண்டு வாக்காளர் இடாப்பு. இடாப்பு எப்பிடி வருது? கிராம அலுவலர் வீடு வீடாகப் பீ.சீ. படிவம் குடுப்பார், வீட்டுத் தலைவர் நிரப்பிக் குடுப்பார், பிறகு பெயர் சேர்க்க, நீக்க என்று பட்டியல் காட்சிக்கு வைப்பினம். 2008இல வன்னியில ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஆர் எந்த வீட்டுக்குப் படிவம் கொண்டுபோறது? பழைய பெயர்கள் அப்படியே வந்தது. செத்தவை, வெளிநாடு போனவை, காணாமல் போனவை எல்லாரும் அதுக்குள்ள இருந்தவை.

2015 ஜனவரியில அதே யாழ்ப்பாணம் மாவட்டத்தில பதிவு 529,239. இரண்டு இலட்சத்துக்குக் கிட்டக் குறைஞ்சுபோச்சு. அதால யாழ்ப்பாணத்துக்கான நாடாளுமன்ற ஆசனம் ஒன்பதில இருந்து ஏழாச்சு. அந்தத் திருத்தின எண்ணை அடியில வைச்சுப் பார்த்தால் 2010 வாக்களிப்பு 25.66 வீதம் இல்லை, 35 வீதத்துக்குக் கிட்ட வரும். "தமிழர் அக்கறை இல்லாமல் வீட்டில இருந்தவை" எண்டு அந்த 25ஐத் தூக்கிக் காட்டுறவை இதைக் கவனிக்கோணும்.

இன்னொண்டு. போரில இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில இருந்தவைக்கு 2009 டிசம்பர் முதலாம் திகதிதான் வெளிய போய்வர அனுமதி கிடைச்சது. பிரகடனம் அதுக்கு முதலே வந்திட்டுது. இடம்பெயர்ந்தவர் சொந்தத் தொகுதிக்கு வாக்குப் போடக் கொத்தணி வாக்களிப்பு நிலையம் வைச்சவை. அதுக்கு முன்கூட்டியே விண்ணப்பம் குடுக்கோணும், ஆள் அடையாள அட்டையோ தற்காலிக அட்டையோ கையில இருக்கோணும், பிறகு பஸ் நேரத்துக்கு வரோணும். வாக்கெடுப்பு காலை 7 மணியில இருந்து பின்னேரம் 4 மணி வரை. பஸ் பிந்தினால் வரிசைக்கு வரமுதலே நேரம் முடிஞ்சிடும். போக்குவரத்துப் பற்றி அண்டைக்குக் கண்காணிப்பாளர்களிட்ட முறைப்பாடு போனது. ஒரு அட்டை, ஒரு விண்ணப்பம், ஒரு பஸ். மூண்டில ஒண்டு பிசகினாலும் வாக்கு இல்லை.

திகதி சனாதிபதியின்ர கையில இருக்கிறதால வாற கேடு இதுதான். 64 நாளில தேர்தல் எண்டால் இடாப்புத் திருத்த நேரம் கிடையாது.

நள்ளிரவு முடிவு:
எல்லோரும் திகதியையும் இடாப்பையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்த இரவில் "கொம்பியூட்டர் ஜில்மாட்" என்று நாடு முழுக்கப் பேசினார்களே, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை? பெட்டியில் விழுந்தது ஒன்று, திரையில் வந்தது வேறு.

எண்கணிதம்:
நள்ளிரவு, அதை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. கணினியில் எண்ணுவதில்லை, கூட்டுவது மட்டும்தான்.

வாக்கெடுப்பு முடிந்ததும் சிரேட்ட தலைமைதாங்கும் அலுவலர் வாக்குச்சீட்டுக் கணக்கை எழுதுகிறார்: எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கொடுத்தது, எத்தனை பழுதானது, எத்தனை மிச்சம். பெட்டி முத்திரை வைக்கப்படுகிறது, முகவர்களும் தங்கள் முத்திரையை வைக்கலாம். வாக்கெண்ணும் நிலையத்தில் பெட்டியைத் திறந்து முதலில் சீட்டின் எண்ணிக்கையை அந்தக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். பிறகுதான் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து, வேட்பாளர் வாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். ஒவ்வொரு மண்டபத்திலும் முடிவு தாளில் எழுதப்படுகிறது. கொழும்பில் திரையில் வருவது 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்தும் வந்த தாள்களின் கூட்டுத்தொகை. திரையில் மாற்றினால் தாளோடு இடிக்கும். கட்சி தன் முகவர்களிடம் எண்களை வாங்கித் தானே கூட்டிப் பார்த்தால் ஒரே நாளில் பிடித்துவிடலாம். 18 இலட்சத்தை மாற்ற எத்தனை மண்டபங்களின் தாள் மாற வேண்டும் என்று யோசியுங்கள்.

தோற்ற கட்சிகள் செய்யாமல் விடுவது அதைத்தான். கட்அவுட்டுக்குக் காசு இருக்கும். ஆனால் எண்ணும் மண்டபங்கள் எல்லாவற்றுக்கும் விடிய விடிய விழித்திருக்கும் முகவரைப் போட்டு, எண்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவர ஆள் இருக்காது.

நள்ளிரவு முடிவு:
சில இடங்களில் முகவர்களை விரட்டினார்கள் என்று எதிரணி முறையிட்டதே? முகவரே உள்ளே இல்லை என்றால் எந்த எண்ணைக் கூட்டுவது?

எண்கணிதம்:
அது பாரதூரமான முறைப்பாடு, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அது மண்டபத்தைப் பற்றிய குற்றச்சாட்டு, கணினியைப் பற்றியது அல்ல. எந்த மண்டபம், எந்தத் தொகுதி, கணக்கில் எத்தனை, எண்ணியபோது எத்தனை என்று வைத்தால்தான் நிற்கும். உயர் நீதிமன்றத்துக்குப் போன தேர்தல் மனு அதே வருடம் பூர்வாங்க ஆட்சேபனையிலேயே தள்ளுபடியாயிற்று. சாட்சி கேட்கும் கட்டத்துக்குப் போகவே இல்லை. எனக்கும் அது வருத்தம்தான்.

ஆலமரத்தடி:
எண்ணும் மண்டபத்தில் நான் எண்கணிதத்தோடு நிற்கிறேன். ஆனால் சமமில்லாத நிலம் மண்டபத்துக்கு வெளியே இருந்தது. அப்போதைய தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க அரச ஊடகங்களைக் கவனிக்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமித்தார். பணிப்புரையை ஊடகங்கள் மதிக்கவில்லை. கடைசியில் அந்த நியமனத்தையே அவர் விலக்கிக்கொண்டார். அன்றைக்குப் பிரசாரச் செலவுக்கு உச்சவரம்பும் கிடையாது. அந்தச் சட்டம் 2023இல்தான் வந்தது. 2024 தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று வரம்பு வைத்தார்கள். 2010இல் வரம்பே இல்லாத செலவு, கேள்வி இல்லாத ஒளிபரப்பு, தான் குறித்த திகதி. இம்மூன்றும் ஒரே கையில். இதற்குப் பிறகு 57.88ஐ வெறும் மக்கள் விருப்பம் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

எண்கணிதம்:
2015இலும் அந்த மூன்றும் அதே கையில்தான் இருந்தன. அந்தத் தேர்தலுக்கு முன் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாவில் சில் துணி (பௌத்தர் சீலம் அனுட்டிக்க உடுத்தும் வெள்ளைத் துணி) விநியோகித்த வழக்கு எல்லோருக்கும் தெரியும். 2017இல் மேல் நீதிமன்றம் தண்டித்தது, 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. துணி போயும் வாக்கு வரவில்லை. வித்தியாசம் எதிரணியில். 2015 தேர்தலின் பிரகடனத்துக்கு மறுநாளே ஆளும் கட்சியின் பொதுச்செயலாளர் மைத்திரிபால வெளியே வந்து பொது வேட்பாளரானார். யாழ்ப்பாணத்தில் 66.28 வீதமும் வன்னியில் 72.57 வீதமும் வாக்களித்தார்கள். 49 நாள்தான் இருந்தது, 2010ஐ விடக் குறைவு. குறுகிய காலம் எதிரணியை முடக்கும் என்ற வாதம் அங்கே உடைகிறது.

உறுப்புரை:
இரண்டு பேரும் அரசியலமைப்பின் 31(3அ) உறுப்புரையின் பின்பகுதியைத் தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

முன்கூட்டிய தேர்தலில் புதியவர் வென்றால் அவருடைய காலம் முடிவு அறிவித்த நாளிலேயே தொடங்கும். பதவியில் இருப்பவரே வென்றால் அப்படி இல்லை. முதல் பதவிக்காலம் தொடங்கிய மாதமும் திகதியும் அடுத்து எப்போது வருகிறதோ, அன்றிலிருந்துதான் இரண்டாவது காலம். ஜே.ஆர். 1978 பெப்ரவரி 4இல் பதவியேற்றவர். 1982 ஒக்டோபரில் வென்றார், இரண்டாவது காலம் 1983 பெப்ரவரி 4இல். மகிந்த 2010 ஜனவரியில் வென்றார், உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார், நவம்பர் 19 என்று பதில் வந்தது, அன்றுதான் இரண்டாவது சத்தியப்பிரமாணம். இடையில் கிடைத்தது பத்து மாதம். ஜனவரியில் வென்றவர் நவம்பர் வரை பழைய காலத்திலேயே இருந்துகொண்டு, பிறகு முழு ஆறு வருடத்தைத் தொடங்குகிறார்.

சந்திரிகா சறுக்கியது இங்கேதான். முதல் காலம் 1994 நவம்பர் 12. 1999 டிசம்பர் 21இல் வென்று, மறுநாளே, கண்ணில் குண்டுக் காயத்தோடு சத்தியம் செய்தார். பிறகு 2000இல் இன்னொரு சத்தியம் செய்ததாகச் சொல்லி 2006 வரை காலம் கோரினார். 2005 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் டிசம்பர் 22, 2005 என்று முடித்துவைத்தது. ஒரு நாள் அவசரம், ஏறக்குறைய பதினொரு மாதம் நட்டம். மகிந்தவின் ஆட்கள் அதைப் படித்துத்தான் பத்து மாதம் பொறுத்தார்கள்.

ஆகவே ஆலமரத்தடி சொல்லும் சலுகை திகதியில் மட்டும் இல்லை. வென்றால் மிச்சக் காலமும் கையில் இருக்கும்.

எண்கணிதம்:
இதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரே தேர்தலில் இருவருக்கு இரண்டு தொடக்கத் திகதி என்பதற்கு நியாயம் தெரியவில்லை. ஆனால் திகதி குறிப்பதையே முழுதாக எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாடாளுமன்ற முறையில் பிரதமரும் திகதியைத் தெரிவு செய்கிறார்.

ஆலமரத்தடி:
பிரதமரைச் சபை எந்த நாளும் வீழ்த்தலாம். அவருக்குத் திகதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஜனாதிபதியை அப்படி வீழ்த்த முடியாது. இங்கே ஆபத்து இல்லாத திகதி.

வரிசையையும் பாருங்கள். ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தல், பெப்ரவரி 9இல் நாடாளுமன்றம் கலைப்பு, ஏப்ரல் 8இல் தேர்தல், 225இல் 144 ஆசனம். செப்டம்பரில் கட்சி மாறியவர்களையும் சேர்த்து 161 வாக்குகளால் 18ஆவது திருத்தம், இரண்டு தடவை வரம்பு போயிற்று. எதை முதலில் வைப்பது என்று தெரிவு செய்யும் உரிமைதான் அடுத்தடுத்த படிகளைத் திறந்தது. ஜே.ஆரும் 1982 ஒக்டோபரில் வென்ற சூட்டோடு டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, விளக்கா குடமா (ஆம், இல்லை என்பதற்கான சின்னங்கள்) என்று கேட்டு, நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார். 2010 முடிவை நான் கள்ளம் என்று சொல்லவில்லை. உண்மையான வாக்கை எந்த நாளில் அறுவடை செய்வது என்று ஒருவரே தீர்மானித்ததைத்தான் சொல்கிறேன்.

உறுப்புரை:
நீக்குவது சட்டப்படி கடினம் இல்லை. 2015இல் 19ஆவது திருத்தம் ஆறு வருடத்தை ஐந்தாக்கியது, இரண்டு தடவை வரம்பையும் திருப்பிக் கொண்டுவந்தது. ஆனால் நான்கு வருடத்துக்குப் பின் அழைக்கலாம் என்பதை முதல் காலத்துக்கு விட்டுவைத்தது. பதவிக்காலத்தை ஆறு வருடத்துக்கு மேல் நீட்டினால்தான் சர்வஜன வாக்கெடுப்பு. இதற்கு 150 வாக்குப் போதும்.

கரைச்சி:
150 கிடைச்சால் அதோட இன்னொரு வரியும் சேருங்கோ: பிரகடனம் வந்த நாளில நடைமுறையில இருக்கிற இடாப்பு ஒரு வருசத்துக்கு மேல பழசெண்டால், திருத்தி முடிக்கும்வரை வேட்புமனு நாள் குறிக்கக்கூடாது. எண்கணிதம் அண்ணை முதல் பதிவில போட்ட கணக்கை அப்பதான் சரியான எண்ணோட போடலாம்.